அடுக்களையும் உணவகமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



34 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்பதால், சிந்தாமணியைப் பற்றியோ நாலடியாரைப் பற்றியோ பேசுமாறு விழாக் குழுவினர் என்னிடம் கேட்டார்கள். அவற்றைப் பேச என்னினும் தகுதி மிக்கவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். ஆகவே அடுக்களையைப் பற்றிப் பேச இசைவு கேட்டேன். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், "அதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்றார். நாள்தோறும் அதன் பயனைத் தவறாமல் நுகர்பவர் அவர். இங்கேதான் அமர்ந்திருக்கிறார், பெயர் சொல்லமாட்டேன்.

பழந்தமிழில் சமையற்கூடத்துக்கு அட்டில் என்று பெயர். சமைத்த உணவுக்கு அடிசில் என்று பெயர். இரண்டும் அடுதல் என்ற வினையோடு தொடர்புடையவை. அடுதல் என்பதற்குச் சமைத்தல் என்றும் பொருள் உண்டு. கொல்லுதல் என்றும் பொருள் உண்டு. வகுப்பில் இதனைச் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு இது சிரிப்புக்குரிய செய்தி அன்று. ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் இவ்விரு பொருளையும் பிரித்து வைப்பதற்காகவே அவர்கள் விடியற்காலையில் எழுந்தார்கள்.

என் மாமியார் அடுப்பு மூட்டுவதற்கு முன் செலவிட்ட நேரம், அடுப்பின் முன் செலவிட்ட நேரத்தினும் மிகுதி. கிணற்று நீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டுவார். துணியில் தங்கியதை உதறிவிடமாட்டார்; வடிகட்டிய நீரையே அதன்மேல் ஊற்றி, வழிவதைக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத உயிர் பிறந்த நீருக்கே திரும்பவேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகு முறத்தோடு அமர்வார். புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல், சலித்தல் எனத் தமிழில் இதற்கு எத்தனை வினைகள்! முறத்தைத் தட்டுவது வேறு, ஆட்டுவது வேறு, சாய்ப்பது வேறு. கை மாறும்போது சொல்லும் மாறும். முதுகலை வகுப்பில் அகராதியைப் புரட்டி நான் அறிந்துகொண்ட வேறுபாடுகளை அவர் மணிக்கட்டில் வைத்திருந்தார். இன்று பருப்பு உறைக்குள் அடைபட்டு வருகிறது. முறம் பரண்மேல் இருக்கிறது. சொற்களும் அங்கேயே போய்விட்டன.

உறையில் வருவதால் ஆராயத் தேவையில்லை என்று எண்ணவேண்டாம். காலிஃப்ளவரை எடுத்துக்கொள்வோம். எந்தச் சமையற்குறிப்பைப் பார்த்தாலும், "மஞ்சளும் உப்பும் சேர்த்த வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் புழுக்கள் வெளியேறிவிடும்" என்று எழுதியிருப்பார்கள். வெளியேறிவிடுமாம்! வெந்நீரில் விழுந்த புழு எங்கே வெளியேறும்? மிதக்கும், அவ்வளவுதான். நான் அந்தக் காயை வாங்குவதில்லை. வாங்குபவர்கள் பூவைச் சிறு சிறு கிளையாகப் பிரித்து, வெளிச்சத்தில் பார்த்து, உயிர் இருந்தால் இலையோடு தோட்டத்தில் விட்டபின் சமைக்கலாம். கத்தரிக்காயும் அப்படியே. முழுக்காயில் மசாலா அடைக்கும் குறிப்பை விரும்புபவர்கள், நான்காகக் கீறி உட்புறம் முழுவதும் தெரிந்தபிறகு அடைக்கவேண்டும். மழைக்காலத்தில் கீரையை நிறுத்திவிடுவது இன்னும் எளிது.

இனிச் சமையற்குறிப்புகளுக்கு வருகிறேன். வார இதழ்களின் இணைப்புகளில் வந்தவற்றை வெட்டி ஒட்டி ஐந்து குறிப்பேடுகள் சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றின் முதல் வரியே "பெரிய வெங்காயம் 2, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி" என்றுதான் தொடங்கும். நம் பெண்களில் பலர், அவ்வரியை அடித்துவிட்டு மற்றவற்றை அப்படியே செய்து, "வெளியில் சாப்பிடுவதுபோல் வரவில்லையே" என்று வருந்துகிறார்கள். வராது. வெங்காயம் அங்கே மூன்று வேலை செய்கிறது. வதங்கும்போது இனிப்பைத் தருகிறது. கரைந்து குழம்புக்குத் திண்மை தருகிறது. சிவக்கும்போது மணம் தருகிறது. மூன்று வேலைக்காரர்களை நிறுத்திவிட்டு யாரையும் அமர்த்தாவிட்டால் வீடு நடக்குமா?

குருமாவுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ஒரு கிண்ணம் முட்டைக்கோசை நூல்போல் சீவி, எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்போடு சிறுதீயில் பொன்னிறம் ஆகும்வரை வதக்கவேண்டும். பொறுமை இல்லாமல் பெருந்தீ வைத்தால் கோசின் வாடை தூக்கிவிடும். இனிப்பும் சிவந்த மணமும் இதிலிருந்து கிடைக்கின்றன. திண்மைக்கு அரை மூடித் தேங்காய், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, எட்டு முந்திரி, ஒரு கரண்டி கசகசா, ஒரு கரண்டி சோம்பு ஆகியவற்றை நைய அரைத்துக்கொள்ளவேண்டும். பூண்டின் இடத்தில் பெருங்காயம். அதனைப் பொடியாகத் தூவினால் போதாது. கட்டிப் பெருங்காயத்தைக் காய்ந்த எண்ணெயில் பொரியவிட்டபிறகே மற்றவற்றைச் சேர்க்கவேண்டும். பூண்டில் இருப்பதைப்போன்றே கந்தகச் சேர்மங்கள் பெருங்காயத்திலும் இருப்பதால்தான் இந்த மாற்று பொருந்துகிறது. பட்டாணி, பீன்ஸ், வாழைக்காய், சௌசௌ எதுவும் ஏற்கும்.

மசால் தோசைக்கு உருளைக்கிழங்கின் இடத்தில் வாழைக்காய். தோலோடு முக்கால் வேக்காடு வேகவைத்து, ஆறியபின் உதிர்க்கவேண்டும். சூட்டில் பிசைந்தால் பசையாகிவிடும். உருளையின் இளக்கம் வாழைக்காய்க்கு இல்லை. அதற்காக ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவை நீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றி ஒரு கொதி விட்டால் சேர்ந்துகொள்ளும். இஞ்சிக்குப் பதில் சுக்குப்பொடி. இஞ்சி பசுமையாக இருக்கும்போது முளைக்கும் உயிர். உலர்ந்த சுக்கு அவ்வாறன்று என்று பெரியவர்கள் வேறுபாடு காட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். கிழங்கு வகை எவ்வளவு, எந்நாள்களில் விலக்கு என்பதில் நம் ஊர்களுக்குள்ளேயே ஒரே வழக்கம் இல்லை. அட்டமி, சதுர்த்தசியில் மட்டும் விலக்குபவர் உண்டு. முழுதும் விலக்கியவர் உண்டு. வெங்காயம் பூண்டை மட்டும் விட்டவர் உண்டு. ஒரு வீட்டின் தளர்வை இன்னொரு வீடு குறை சொல்லும் பேச்சு திருமணப் பந்திகளில் காதில் விழுகிறது. கள், ஊன், தேன் இம்மூன்றும் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இல்லறத்தார் ஒழுக்கத்தை எளிய குறட்பாக்களில் தந்த அருங்கலச்செப்பு எல்லா வீட்டிலும் ஒரு படி இருக்கவேண்டிய நூல். மற்றவற்றில் அவரவர் ஏற்ற நோன்பு அவரவருடையது.

வெளியில் உண்பதைப் பற்றிப் பேசாமல் இக்காலத்து அடுக்களையைப் பற்றிப் பேசி முடிக்க இயலாது. நான் வாழ்வது காஞ்சிபுரத்தில். பட்டு வாங்க வருபவர்களுக்காகவும் கோயிலுக்கு வருபவர்களுக்காகவும் ஊர் முழுவதும் சைவ உணவகங்கள் உள்ளன. அவற்றுள் எனக்கு உவப்பானது காஞ்சிபுரம் இட்லி. வரதராசப் பெருமாள் கோயிலில் நிவேதனமாகத் தோன்றியது. மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் கலந்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது. கடைகளில் குடலைக்குப் பதில் தம்ளரில் ஊற்றுகிறார்கள். மணம் குறைவு, ஆனாலும் குற்றமில்லை. வெங்காயமும் கிழங்கும் சேராத அந்த இட்லியை வாங்கி, அதன்மேல் வெங்காயச் சாம்பாரை ஊற்றிக் கொடுப்பதுதான் வேடிக்கை. நான் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

"வெங்காயம் இல்லாமல் ஏதேனும் உண்டா?" என்று கேட்டால் பரிமாறுபவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சேட்டு வீடாம்மா?" என்பார். "இல்லை ஐயா, நாங்கள் தமிழர், சமணர்" என்றால் குழப்பம் மிகுந்துவிடும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்து இவ்வளவே. நம்மைப் பாராதவர் ஊரில் மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. ஊருக்கு அருகிலேயே திருப்பருத்திக்குன்றத்தில் நம் கோயில் இருக்கிறது என்பதை உணவு வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். ஆசிரியத் தொழில் ஓய்வு பெற்றாலும் விடுவதில்லை. சென்னையில் சில உணவகங்களின் பட்டியலில் "ஜெயின்" என்ற தனிப் பகுதியே இருக்கிறது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் வடநாட்டுச் சமையல். அதில் நம் மிளகுக் குழம்பையோ பருப்புத் துவையலையோ தேடினால் கிடைக்காது.

கேட்பதில் நாணம் கூடாது என்பதே வெளியுணவில் நான் கண்ட முதல் பாடம். ஆனால் கேட்டால் மட்டும் போதாது. ஓர் உணவகத்தில் வெங்காயம் இல்லாத சாம்பார் கேட்டேன். "இருக்கிறதம்மா" என்று உள்ளே சென்றவர், சாம்பாரை அரிகரண்டியால் அரித்து வெங்காயத்தை எடுத்துவிட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஒரு துண்டு தப்பி அடியில் கிடந்து அவரைக் காட்டிக்கொடுத்தது. வாசலில் "சுத்த சைவம்" என்று ஆள் உயரப் பலகை வைத்திருக்கும் கடை அது. இதற்கு மாறாக, நெடுஞ்சாலை ஓரத்தில் சைவமும் அசைவமும் சமைக்கும் ஒரு கடையில், எங்கள் குடும்பத்தார் காய்கறிச் சோறு சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது, "இதே இரும்புச் சட்டியில்தான் முட்டையும் வதக்குவீர்களா?" என்று கேட்டேன். அடுப்படியில் நின்ற வடகிழக்கு மாநிலத்து இளைஞர் ஒருவர், முதலாளி பார்த்துக்கொண்டிருந்தபோதே, "ஆமாம்மா, ஒரே சட்டிதான்" என்றார். தமிழ் அவருக்குச் சரியாக வரவில்லை, பொய்யும் வரவில்லை. எழுந்து வந்துவிட்டோம். வண்டியில் இருந்த புளியோதரைதான் அன்று எங்களுக்கு மதிய உணவு. இரண்டு கடைகளில் எது தூயது என்று கேட்டால் நான் எந்தக் கடையைச் சொல்வேன் என்பது உங்களுக்கே தெரியும்.

கேட்கத் தெரியவேண்டியவை வேறு சிலவும் உண்டு. பொதி உணவில் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பார்ப்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பச்சை வட்டம் தேனைத் தடுப்பதில்லை. மிளகாயோடு தேன் கலந்த வறுவல்கள் இப்போது பிள்ளைகளின் விருப்ப உணவு. சர்க்கரைப் பாகில் செய்யச் சொன்னால் செய்துதருவார்கள். பாலாடைக்கட்டி பாலிலிருந்து வருவதுதான். ஆனால் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதும் உண்டு, நுண்ணுயிர் வழிச் செய்த பொருளைச் சேர்ப்பதும் உண்டு. இனிப்புகளின்மேல் மின்னும் வெள்ளித்தாளைப் பழைய முறையில் மாட்டின் குடல்தோல் அடுக்குகளுக்கு இடையே வைத்துத் தட்டினார்கள். பொறியில் செய்வதும் இப்போது வந்திருக்கிறது. எது என்று தெரியாதபோது வெள்ளித்தாள் இல்லாத இனிப்பை வாங்குவதில் நாவுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. வெள்ளிக்குச் சுவை ஏது?

என்னை நெடுநாள் எண்ணவைத்தது வேறொன்று. சென்னையில் என் பேரனின் பிறந்தநாள். முழுச்சைவ உணவகம் என்று தேர்ந்தெடுத்துத்தான் அழைத்துச் சென்றார்கள். உணவுப் பட்டியலில் "சைவக் கோழி வறுவல்", "சைவ மீன்" என்று இருந்தன. சோயாவும் கோதுமைப் புரதமும்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் மீனுக்கு மீனின் வடிவம். கோழிக்குக் காலின் வடிவம். கடித்தால் நடுவே எலும்புபோல் ஒரு குச்சி.

எனக்கு யசோதர காவியம் நினைவுக்கு வந்தது. உயிர்ப்பலி கொடுக்க மறுத்த மன்னன், தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மாவினால் செய்த கோழியை உயிருள்ளதாகப் பாவித்துப் பலியிடுகிறான். வெட்டுண்டது மாவுதான், ஆனால் அந்த எண்ணத்தின் வினை அவனையும் தாயையும் மயிலாகவும் நாயாகவும் பிற விலங்குகளாகவும் பிறவிதோறும் துரத்துகிறது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்று இது. நடத்தும்போது, "மாவை வெட்டியதற்கா இத்தனை தண்டனை?" என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்த மாக்கோழி தட்டில் என் முன்னாலேயே வந்து அமர்ந்துவிட்டது.

பேரனிடம் கதையைச் சொன்னேன். அவன் கல்லூரி மாணவன். எளிதில் தலையாட்டுபவன் அல்லன். "பாட்டி, அந்த அரசன் கோழியைக் கொல்வதாக எண்ணிக்கொண்டு வெட்டினான். நான் சோயா என்று எண்ணிக்கொண்டு தின்கிறேன். எண்ணம்தான் வினை என்றால் என் எண்ணத்தில் கோழியே இல்லையே? அதோடு, கறி தின்பவர் ஒருவர் இதைத் தின்று கறியை விட்டால் நல்லதுதானே?" என்றான். இரண்டாவது கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது. ஊனை விட முயல்பவருக்கு அஃது ஊன்றுகோல்; அவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவது நம் வேலை அன்று. முதல் கேள்விக்கு நான் இப்படி மறுமொழி சொன்னேன்: "உன் எண்ணத்தில் கோழி இல்லை என்றால், அது காலின் வடிவில் வருவதற்காக ஏன் கூடுதல் விலை கொடுக்கிறாய்?" அவன் சிரித்துவிட்டான். உண்டானா இல்லையா என்பதைச் சொல்லமாட்டேன். என் வீட்டில் சோயா உருண்டை உருண்டையாகவே குழம்பில் கிடக்கும். அதற்குச் சோயா என்றுதான் பெயர்.

அன்று இரவு அதே பேரன் கேட்டது சிரிக்கக்கூடியதாக இல்லை. "நண்பர்கள் எல்லாரும் எட்டு மணிக்குச் சாப்பிடப் போகிறார்கள். நான் வரவில்லை என்றால் முதல் மாதம் காரணம் கேட்டார்கள்; இரண்டாம் மாதம் கேலி செய்தார்கள்; இப்போது கூப்பிடுவதே இல்லை. உங்களுக்குச் சமையலறை இருந்தது பாட்டி, எனக்கு விடுதி." பெரியோர்களே, இதற்கு விடை சொல்லாமல் நோன்பைப் பற்றி நாம் எவ்வளவு பேசினாலும் பயனில்லை. நம் ஊரில் கதிரவன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை 5.40-க்கும் 6.40-க்கும் இடையில் மறைகிறது. விடுதிகளில் இரவு உணவு தொடங்குவது 7.30 மணிக்கு. கிராமத்தில் கழனியிலிருந்து ஆறு மணிக்குத் திரும்பி விளக்கேற்றுமுன் உண்டவர்களுக்கு ஊரே துணையாக இருந்தது. இந்தப் பிள்ளை தனியாக நிற்கிறான்.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன். விடுதி அறையில் மின்னடுப்புக்கு இடமில்லை. எனவே அடுப்பு இல்லாமல் ஆகும் உணவு வேண்டும். கெட்டி அவலை அலசிப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, அதில் இரண்டு கரண்டி புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் புளி அவல். பருப்புப்பொடியும் நெய்யும் பிசைந்தால் இன்னொரு நாள் உணவு. புளிக்காய்ச்சல் நீர் முழுவதும் சுண்டி எண்ணெய் மேலே தெளியும்வரை கொதித்திருக்கவேண்டும்; நனைந்த கரண்டி படக்கூடாது. வறுத்த கடலை, பேரீச்சை, பழம் ஆகியவை கூடவே இருக்கும். மாலை 5.30 மணிக்கு அவன் இதனை உண்டுவிடுகிறான். எட்டு மணிக்கு நண்பர்களோடு போகிறான், அமர்கிறான், பேசுகிறான், நீர் மட்டும் பருகுகிறான். "நீயும் போ. மேசையில் இடம் உனக்கு இருக்கட்டும்; இலை வேண்டாம்" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். இப்போது அவனுடைய நண்பர்களில் இருவர், அவனுக்காக வாரத்தில் ஒரு நாள் ஐந்து மணிச் சிற்றுண்டிக்கு வருகிறார்களாம். அவர்களுக்கும் சேர்த்துப் புளிக்காய்ச்சல் அனுப்புகிறேன்.

மாவுக்கே மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்று எல்லை வைத்து ஒழுகுபவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். மூன்று வாரப் புளிக்காய்ச்சலை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று அறிவேன். அவர்கள் நோன்பை வணங்குகிறேன். இரவுணவா, நாள்பட்ட புளியா என்ற இரண்டில் ஒன்றை அந்தப் பிள்ளைக்காக நான் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே தேர்ந்தெடுப்பேன். மறுப்பு உடையவர்கள் உரை முடிந்ததும் என்னைக் கடிந்துகொள்ளலாம். மேடையின் இடப்புறம் நிற்பேன்.

"கொல்பவன் வேறு, உண்பவன் வேறு, எனவே உண்பவனுக்குப் பழியில்லை" என்ற வாதத்தைப் பௌத்தரோடு நடத்திய சொற்போரில் நீலகேசி ஏற்கவில்லை. அந்நூலை 1936-இல் உரையோடு பதிப்பித்துத் தந்தவர் நம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். அவ்வாதத்தை இன்றைய உணவகத்துக்கு நீட்டிப் பாருங்கள். சமைப்பவர் யாரோ, விலை கொடுப்பவர் நாம். எதற்கு விலை கொடுக்கிறோமோ அது மறுநாளும் சமைக்கப்படும். அரிகரண்டிக் கடைக்கு நான் மீண்டும் போகவில்லை. மிளகாய்ப்பொடியை முகம் சுளிக்காமல் கொண்டுவரும் கடைக்கு மாதம் இருமுறை போகிறேன். அங்கே இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வெங்காயம் இல்லாமல் பூசணிக்காய்ச் சாம்பார் ஒரு பாத்திரம் தனியாக வைக்கிறார்கள். நான் கேட்டதால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். செவ்வாய்க்கிழமை நோன்பிருப்பவர்கள் வேறு பலரும் கேட்டிருப்பார்கள்.

இறுதியாக அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள். நம் வீடுகளில் எழுபது, எண்பது வயதுப் பெண்மணிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய சமையல் எந்த ஏட்டிலும் இல்லை. "ஒரு கை அரிசி, கண்ணளவு உப்பு, வாசம் வரும்வரை வறு" என்பதே அவர்களுடைய அளவுமுறை. அவர்கள் பக்கத்தில் ஒரு தராசோடு அமர்ந்து, கையிலிருந்து விழுவதைக் கிராமில் எழுதிக்கொள்ளப் பதினைந்து இளையவர்கள் எனக்கு வேண்டும். பெண்பிள்ளைகள் மட்டும் வந்தால் ஏற்கமாட்டேன். விடுதியில் இருப்பவர்களில் ஆண்பிள்ளைகளே மிகுதி. வரும் கோடை விடுமுறையில் தொடங்கலாம். பெயர் எழுதும் தாள் வாயில் அருகே மேசைமேல் இருக்கிறது.

பந்தியில் இலை போடும் ஓசை கேட்கிறது. மணி ஐந்தேகால் ஆகிறது. இன்று கதிரவன் மறைய இன்னும் ஒருமணி நேரம்தான் இருக்கிறது. முதற்பந்தியில் முதியவர்களும் குழந்தைகளும் அமருங்கள். குருமாவில் இருப்பது முட்டைக்கோசுதான், அஞ்சாமல் உண்ணலாம்.